கையில் படும் கட்டியும் திரையில் தெரியும் கட்டியும்

வந்த கேள்வி இது: “என் தங்கைக்கு 34 வயது. இடது மார்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மாதமாக ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. சர்ஜன் மேமோகிராம் எழுதவில்லை, அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ‘இடது மார்பகம், 2 மணி, முலைக்காம்பிலிருந்து 4 செ.மீ., 14 × 8 மி.மீ. ஹைப்போஎக்கோயிக் கட்டி, விளிம்பு தெளிவு, பைராட்ஸ் 3’ என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். மேமோகிராம் இல்லாமல் இதை நம்பலாமா? ஊசி குத்திப் பார்க்கலாம் என்றால், குத்தினால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.”

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஊசி இரண்டையும் அப்புறம் பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே ஒரு முரண் இருக்கிறது. கட்டி கீழ்ப்பக்கத்தில் என்கிறீர்கள். ரிப்போர்ட் 2 மணி என்கிறது. எதிரே நின்று பார்ப்பவருக்கு மார்பகம் ஒரு கடிகார முகப்பு என்று வைத்துத்தான் ஸ்கேனில் இடம் குறிப்பார்கள். அந்தக் கணக்கில் இடது மார்பில் 2 மணி என்பது மேலே, அக்குளை ஒட்டிய பக்கம். கீழ்ப்பக்கம் என்றால் 5 மணி முதல் 7 மணிக்குள் வந்திருக்க வேண்டும். நிற்கும்போது ஒரு இடத்தில் படும் கட்டி, படுத்தால் கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஆனால் அடியிலிருந்து மேல் மூலைக்குப் போய்விடாது.

அப்படியானால் திரையில் தெரிந்த கட்டி வேறு, உங்கள் தங்கையின் கையில் படுவது வேறு என்று இருக்கலாம். ரிப்போர்ட் அடித்தவர் மணியைத் தப்பாகப் போட்டிருக்கலாம். கட்டி எங்கே என்று கேட்காமலே மார்பு முழுவதையும் ஸ்கேன் செய்து, கண்ணில் பட்ட வேறொன்றை அளந்து எழுதியிருக்கலாம். அல்லது கீழ்ப்பக்கத்தையும் நன்றாகப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எது நடந்தது என்பது ஸ்கேன் செய்த டாக்டரைக் கேட்டால்தான் தெரியும். இந்த வாரமே கேளுங்கள். தேவையென்றால் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இது தெளிவாகாத வரை அந்த ‘ஆறு மாதம்’ எந்தக் கட்டிக்கு என்றே சொல்ல முடியாது.

கட்டி என்று வரும் ஒருவருக்கு ஸ்கேன் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, அந்தப் பக்கத்துத் தோளின் அடியில் ஒரு தலையணை கொடுத்து, கையைத் தலைக்குப் பின்னால் மடக்கச் சொல்வார்கள். மார்பகம் நெஞ்சின் மேல் பரந்து மெலிவதற்காகத்தான் இது. எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு தெளிவாகப் படம் வரும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஜெல் போடும் முன்பே டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி: “எங்கே படுகிறது? உங்கள் விரலாலேயே காட்டுங்கள்.” அவரும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் நிறுத்தி, அந்த இடைவெளியில் ப்ரோபை, அதாவது உடம்பில் வைக்கும் ஸ்கேன் முனையை, வைத்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் மட்டும்தான் கட்டி தட்டுப்படுகிறது என்றால் உட்காரவைத்தே ஸ்கேன் செய்யலாம். கூச்சப்பட்டு “எங்கேயோ கீழே” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருபவர்கள் நிறைய பேர். கூச்சம் வேண்டாம், விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிப் பார்க்கும்போது மூன்றில் ஒன்று நடக்கும். விரலுக்குக் கீழே ஒரு கட்டி தெரியும். அல்லது நோயே இல்லாத ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்: கொழுப்புத் திரள், கொஞ்சம் தடித்த பால் சுரப்பி, விலா எலும்பின் குருத்தெலும்பு முனை. மார்பின் கீழ் மடிப்பை ஒட்டி ஒரு தடித்த வரம்பு பலருக்கும் இயல்பாகவே கையில் படும்; உங்கள் தங்கை சொல்வது அதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது, திரையில் ஒன்றுமே தெரியாமல் போவது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்து, இரண்டிலும் கட்டி உள்ள இடத்தில் எதுவும் இல்லையென்றால் புற்றுநோய் இல்லாதிருக்க 97 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நல்ல எண்தான். ஆனாலும் சர்ஜனின் கைக்குச் சந்தேகப்படும்படி ஒன்று தெளிவாகப் பட்டால், ‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரே காரணத்தால் விட்டுவிடக் கூடாது. லோபுலர் என்ற வகைப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல் திசுவுக்குள் இழை இழையாகப் பரவும். படத்துக்கு அது எளிதில் சிக்காது.

சரி, மேமோகிராம். 30 வயதுக்குக் கீழே கட்டி என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட். 40 வயதைத் தாண்டியவருக்கு முதலில் மேமோகிராம், கூடவே அல்ட்ராசவுண்ட். இடையில் இருக்கும் 30 முதல் 39 வரை எதை முதலில் எடுத்தாலும் தப்பில்லை. அதனால் உங்கள் சர்ஜன் செய்தது முறையான வழிதான். இளம் வயதில் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும். அல்ட்ராசவுண்டில் சுரப்பித் திசு வெளுப்பாகவும் பெரும்பாலான கட்டிகள் கறுப்பாகவும் தெரிவதால் அந்தச் சிக்கல் குறைவு. கதிர்வீச்சும் இல்லை; கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் முதலில் இதையே எடுப்பது அதனால்தான்.

ஆனால் பொடிப்பொடியான கால்சியம் படிவுகளை அல்ட்ராசவுண்ட் சரியாகக் காட்டாது. பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய் பல நேரம் அந்தப் பொடிகளாக மட்டுமே தன்னைக் காட்டும். அதை மேமோகிராம்தான் பிடிக்கும். ஆகவே ஸ்கேனில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும், அல்லது அம்மா, சகோதரி போன்ற நெருங்கிய உறவில் இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும், 34 வயதிலும் மேமோகிராமைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஸ்கேன் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்கு வருவோம். ப்ரோப் அனுப்பும் ஒலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து இயந்திரம் ஆழத்தைக் கணிக்கிறது. உடலுக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர் என்று அது எடுத்துக்கொள்கிறது. மார்பகத்துக்கு 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள நேர்முனை ப்ரோப் வேண்டும். அந்த அதிர்வெண்ணில் அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் நுணுக்கம் தெரிகிறது. வயிற்று ஸ்கேனுக்கு வைத்திருக்கும் வளைந்த ப்ரோபை எடுத்து மார்பில் வைத்தால் ஒலி ஆழமாகப் போகும், நுணுக்கம் கிடைக்காது.

அல்ட்ராசவுண்ட் மார்பகக் கட்டிக்கு வந்தது இன்று நேற்றல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் வைல்ட் என்ற டாக்டரும் ஜான் ரீட் என்ற பொறியாளரும் 1950-களின் தொடக்கத்திலேயே மார்பகக் கட்டிகளின் எதிரொலியைப் பதிவு செய்து கட்டுரை எழுதிவிட்டார்கள். ஆனாலும் அப்புறம் பல வருடங்களுக்கு இதை முக்கியமாக ஒரே ஒரு கேள்விக்குத்தான் பயன்படுத்தினார்கள்: உள்ளே இருப்பது நீரா, திடமா?

அந்தக் கேள்விக்கு இன்றும் இதைவிட நல்ல கருவி கிடையாது. சாதாரண நீர்க்கட்டி என்றால் உள்ளே சுத்தக் கறுப்பு, மெல்லிய சுவர், தெளிவான விளிம்பு, கட்டிக்குப் பின்னால் இருக்கும் திசு பளிச்சென்று தெரியும். நீர் ஒலியை விழுங்காமல் கடத்திவிடுவதால்தான் பின்பக்கம் அப்படி வெளிச்சமாகிறது. இந்த நான்கும் சேர்ந்து இருந்தால், சந்தேகத்தின் அளவைச் சொல்லும் பைராட்ஸ் எண் வரிசையில் அது 2. புற்றுநோய் இல்லை, வலித்தால் மட்டும் ஊசியால் நீரை உறிஞ்சி எடுக்கலாம். உள்ளே கலங்கலாகத் தெரிந்தால் நிதானிக்க வேண்டும். திரும்பிப் படுக்கவைத்ததும் அந்தக் கலங்கல் நகர்ந்தால் அது வெறும் வண்டல். நகராமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் சதை, தடித்த சுவர், தடித்த தடுப்பு இவை இருந்தால் ஊசியால் திசுவை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

இங்கே இயந்திரத்தைக் கையாள்பவரின் கை பேசும். கெயின் என்ற வெளிச்ச அளவைக் கூடுதலாக வைத்தால் வெறும் நீர்க்கட்டியே கலங்கலாகத் தெரியும். தேவையில்லாத பயம், அவ்வளவுதான். குறைத்து வைத்தால் திடமான கட்டி கறுத்துப்போய் நீர்க்கட்டி வேஷம் போடும். இதுதான் ஆபத்தான பக்கம். வேகமாக வளரும் சில புற்றுநோய்கள், குறிப்பாக ட்ரிபிள் நெகட்டிவ் வகை, உருண்டையாக, ஓரளவு தெளிவான விளிம்போடு, பின்னால் வெளிச்சமும் காட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருக்கும் கொழுப்போடு ஒப்பிட்டு, டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். உள்ளே ரத்தம் ஓடினால் அது நீர்க்கட்டி இல்லை. ஆனால் ஓட்டம் தெரியவில்லை என்பதை வைத்து ‘புற்றுநோய் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. ப்ரோபை அழுத்திப் பிடித்தாலே சின்ன நாளங்கள் மூடிக்கொள்ளும்.

திடமான கட்டி என்று தெரிந்த பிறகுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் வருகின்றன. ‘ஹைப்போஎக்கோயிக்’ என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். கட்டி கொழுப்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சாதுவான கட்டியும் அப்படித்தான் தெரியும், புற்றுநோயும் அப்படித்தான். முதலில் பார்க்க வேண்டியது விளிம்பை. சுற்றிலும் ஓரிடம்கூட மங்காமல் கோடு போட்ட மாதிரி இருக்கிறதா, இல்லை எங்கேயாவது கூராகவோ, முள்முள்ளாகவோ, சின்னச் சின்ன அலையாகவோ இருக்கிறதா? தொண்ணூறு சதவீதம் தெளிவு என்ற பேச்சே கிடையாது. ஓரிடத்தில் சந்தேகம் இருந்தால் மொத்த விளிம்பும் சந்தேகம்தான்.

அடுத்தது கிடப்பு. சாதுவான கட்டிகள் திசு அடுக்கோடு ஒத்துப்போய், தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும். புற்றுநோய் அடுக்குகளை மதிக்காது. அவற்றை ஊடுருவி நிமிர்ந்து நிற்கும். அகலத்தைவிட உயரம் அதிகமான கட்டிக்கு ஸ்கேன் செய்பவர்கள் உடனே உஷாராவது இதனால்தான். உங்கள் தங்கையின் 14 × 8 என்பது படுத்த கட்டி என்று தோன்றுகிறது. ஆனால் 14 எந்தத் திசையில் அளந்தது என்று ரிப்போர்ட்டில் இல்லை, முட்டை வடிவமா என்பதும் இல்லை. படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் விஷயங்கள். பைராட்ஸ் 3 என்று போட்டவர் எழுதியிருக்க வேண்டும்.

கட்டிக்குப் பின்னால் கறுத்த நிழல் விழுவதும் ஒரு சந்தேகக் குறி. மார்பகத்தின் தசைநார்களும் பழைய ஆபரேஷன் வடுவும்கூட நிழல் போடும் என்பதால் ப்ரோபைச் சாய்த்து, கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார்கள். தசைநாரின் நிழல் கலைந்துவிடும். இதோடு சுற்றுத் திசு இழுபட்டிருக்கிறதா, பால் குழாய்க்குள் கட்டி கிளை விடுகிறதா, தோல் தடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அக்குளையும் பார்க்க வேண்டும், முக்கியமாகக் கட்டி சந்தேகமாக இருந்தால். அங்குள்ள நெறியின் (நிணநீர்க் கணுவின்) புறணி, அதாவது வெளி அடுக்கு, 3 மி.மீ.க்கு மேல் தடித்து, நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு மறைந்திருந்தால் அதற்கும் ஊசி தேவைப்படும்.

இந்த அடையாளங்களையெல்லாம் ஒழுங்காகக் கோத்துக் கொடுத்தவர் தாமஸ் ஸ்டாவ்ரோஸ் என்ற ரேடியாலஜிஸ்ட். 1995-இல் அவர் குழு 750 திடக் கட்டிகளை ஸ்கேனில் பார்த்து வகைப்படுத்தி, பிறகு பயாப்சியோடு, அதாவது திசுவை எடுத்துச் சோதித்த முடிவோடு, ஒப்பிட்டது. 125 கட்டிகள் புற்றுநோயாக இருந்தன. ஸ்கேனில் ‘சாது’ என்று ஒதுக்கியவை 426. அதில் இரண்டு மட்டுமே புற்றுநோய். திடக் கட்டி எல்லாவற்றுக்கும் ஊசி வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஆனால் இந்த எண்ணில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு கெட்ட அடையாளம் இருந்தாலும் அந்தக் கட்டியை ‘சாது’ பட்டியலில் அவர்கள் சேர்க்கவில்லை. நல்ல அடையாளம் நாலு இருக்கிறது, கெட்டது ஒன்றுதானே என்று சமன் செய்வது இந்த வேலையில் செல்லாது.

பைராட்ஸ் என்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வகுத்த பட்டியல். மேமோகிராமுக்கு முதலில் வந்து, 2003-இல் அல்ட்ராசவுண்டுக்கும் சேர்ந்தது. 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. 4 மூன்றாகப் பிரியும்: 4ஏ-வில் 2 முதல் 10 சதவீதம், 4பி-யில் 50 வரை, 4சி-யில் 95-க்குக் கொஞ்சம் கீழே வரை. 5 என்றால் 95 அல்லது அதற்கு மேல். 0 என்றால் ‘இன்னும் படம் தேவை’ என்றுதான் பொருள். அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. 4 என்று பார்த்ததும் நாலாம் ஸ்டேஜ் என்று கலங்கியவர்களும் உண்டு. இந்த எண்ணுக்கும் நோயின் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

30-களில் கையில் படும் இப்படிப்பட்ட திடக் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டிதான். தொட்டால் கோலிக்குண்டு போல விரலுக்கு நழுவி ஓடும். அது பைராட்ஸ் 3 என்றால் 6, 12, 24 மாதங்களில் மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. ஆறு மாதத்தில் விட்டம் 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். ஃபில்லோடிஸ் என்ற கட்டி ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமாவைப் போலவே இருக்கும், ஆனால் வேகமாக வளரும். 14 மி.மீ. கட்டியில் 20 சதவீதம் என்பது 3 மி.மீ.கூட இல்லை; ப்ரோப் சாய்ந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். ஆகவே பழைய ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது, படங்களையும் கொண்டுபோங்கள். முடிந்தால் அதே டாக்டரிடமே பாருங்கள். இடையில் தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, கட்டி கண்ணுக்குத் தெரியப் பெரிதானாலோ ஆறு மாதக் கணக்கையெல்லாம் பார்க்காதீர்கள். காத்திருக்க மனம் ஒப்பவில்லை, தூக்கம் வரவில்லை என்பதும் ஊசி கேட்பதற்குப் போதுமான காரணம்தான் என்பேன். பைராட்ஸ் 3-இல் அப்படிக் கேட்பவர்களுக்கு டாக்டர்கள் செய்துகொடுக்கத்தான் செய்கிறார்கள்.

எலாஸ்டோகிராஃபி என்று ஒன்று சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். கட்டி எவ்வளவு கெட்டி என்று அளக்கும். கூடுதல் தகவல், அவ்வளவே. விளிம்பு சரியில்லாத கட்டி மென்மையாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

கடைசியாக ஊசி. பரவிவிடும் என்ற பயம் ரொம்பப் பழையது. ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம் மாறலாம் என்பது உண்மை. அதனால் நோய் பரவி, உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. மாறாக, என்னவென்று தெரியாமல் நேராகக் கட்டியை வெட்டியெடுத்து, பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால்தான் சிக்கல்: சுற்றியுள்ள திசுவைப் போதுமான அளவு எடுக்கவில்லை, அக்குளைப் பார்க்கவில்லை என்று மறுபடி ஆபரேஷன். முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் கைநழுவிப்போகும்.

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசி-யைவிட, திசுவை இழையாக எடுக்கும் கோர் பயாப்சியைக் கேளுங்கள். வழக்கமாக 14 கேஜ் ஊசி, சுமார் 2 மி.மீ. தடிமன். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, ப்ரோபின் ஓரமாக ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையாக நுழைப்பார்கள். நுரையீரல் பக்கம் போகாமல் இருக்கத்தான் இந்தச் சாய்வு. ஸ்பிரிங் விடுபடும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை முன்கூட்டியே ஒருமுறை கேட்கவைத்துவிட்டால் யாரும் துள்ளுவதில்லை. ஊசி முனை கட்டிக்குள் இருப்பது திரையில் அப்போதே தெரியும். நோய் இருந்தால் அது திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதையும், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளையும் இந்த இழையிலேயே பார்த்துவிடலாம்.

முடிவு ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: படத்தில் தெரிந்ததோடு இந்த முடிவு ஒத்துப்போகிறதா? தெளிவான விளிம்புள்ள முட்டை வடிவக் கட்டிக்கு ஃபைப்ரோஅடினோமா என்று வந்தால் ஒத்துப்போகிறது. முள்முள்ளான விளிம்பும் நிழலும் உள்ள கட்டிக்குச் ‘சாதாரண மார்பகத் திசு’ என்று வந்தால் ஊசி பக்கத்தில் பட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஊசி, அல்லது கட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பது.